ஷார்ஜாவில் ஓடிய புள்ளி

காரைக்காலில் இன்றைக்குக் கண்ணாடிக்கடை நஜீபா என்றால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், “எந்த நஜீபா?” என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். அப்போது அவள் சித்திக்காவின் தம்பி பெண்சாதி. அந்த ஒரு முகவரியிலேயே பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். அதில் அவளுக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் புருஷன் ஆபித் ஷார்ஜாவில் இருப்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, இவள் இங்கே. லீவில் வந்து, பெட்டியைப் பிரித்து, சென்ட்டும் சாக்லேட்டும் பங்கு வைத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். “இந்தத் தடவையோட சரி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவார். சொல்கிறவரும் நம்புவதில்லை, கேட்கிறவளும் நம்புவதில்லை.

அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆபித்தும் அப்படி வந்தவர்தான். அதற்காக மாப்பிள்ளை வீட்டார் உரிமையை விட்டுவிடுவார்களா? ஆபித்தின் தாய்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போய்த் திரும்புகிற ஆண்பிள்ளை முதலில் தாய்வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். உம்மா கையால் ஒரு டம்ளர் கற்கண்டுப் பால் குடிக்க வேண்டும். அப்புறம்தான் பெண்சாதி முகத்தில் விழிக்கலாம். உம்மா மவுத்தான பிறகு அந்த டம்ளர் மூத்த மகள் சித்திக்காவின் கைக்கு வந்தது. ஒருமுறை கொட்டுகிற மழையில் பெட்டிகள் நனைந்துவிடுமே என்று ஆபித் காரை முதலில் நஜீபா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். இறக்கி வைத்த கையோடு அக்கா வீட்டுக்கு ஓடினார். ஆனாலும் சித்திக்கா அந்த லீவு முழுக்கத் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. பாலைக் கூட மகள்களில் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள்.

சித்திக்கா கெட்டவள் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்த வீட்டுக்கு முதலில் போனார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு எப்படித்தான் இவ்வளவையும் சேகரித்தாளோ! அப்பேர்ப்பட்டவள் கையில் ‘கூடவே’ வந்து சேர்ந்தது.

‘கூடவே’ என்பது போனில் போட்டுக்கொள்கிற ஒரு செயலி. நஜீபாவின் மகள் ஷஃபீனா சென்னைக்குப் படிக்கப் போன புதிதில் அதை எல்லோருடைய போனிலும் ஏற்றிவிட்டாள். திறந்தால் வரைபடம் வரும். குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கே அவரவர் முகம் ஒரு புள்ளிக்குள் தெரியும். போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். வண்டியில் போனால் என்ன வேகம் என்று காட்டும். வீடு, கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே போனதும் ‘ஷஃபீனா கல்லூரிக்கு வந்து சேர்ந்தாச்சு’ என்று மணியடிக்கும். அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லும். பேச நேரமில்லையா? முகத்தைத் தொட்டால் போதும், அந்தப் பக்கம் ஒரு கை ஆடி சலாம் சொல்லும்.

நஜீபாவுக்கு முதலில் இது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. ஒரு வாரத்தில் மனசு மாறிவிட்டது. ஆபித்தின் புள்ளி அவர் தங்கியிருக்கிற கேம்ப் அறையிலிருந்து கிளம்பும். உதிரிப் பாகங்கள் விற்கிற கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். புள்ளி கம்பெனிக்குப் போய் உட்காரும். லுஹர் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வரும். சாயங்காலம் ஒரு டீக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கும். இத்தனை வருஷமாகப் புருஷன் பகலில் என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. அவர் டீக்கடையில் நிற்கிறபோது இவளும் அடுப்பில் டீயை வைப்பாள். அவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் கையாட்டி சலாம் சொல்வாள். பதிலுக்கு அங்கேயிருந்தும் ஒரு கை ஆடும். வாழ்நாளில் முதல்முறையாகப் புருஷனோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷமாக இருந்தாள். அதை வெளியே சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

தெருவிலும் பலர் ‘கூடவே’யில் சேர்ந்துகொண்டார்கள். ஷஃபீனா ஏறிய பஸ் ஒரு மழை நாளில் சீர்காழிப் பக்கம் பழுதாகி நின்றபோது, புள்ளி நின்ற இடத்தைப் பார்த்துத்தான் கார் அனுப்பி அவளை அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் செயலிக்குத் தெருவில் மரியாதை கூடிவிட்டது. சில வீடுகளில் சண்டையும் கூடியது. பள்ளிவாசலில் இருக்கிறேன் என்று சொன்ன நஸ்ருதீனின் புள்ளி புரோட்டாக் கடையில் நின்றது. மாத்திரை வாங்கப் போன ஆஸியா பீவியை, பாவம், ‘ஒயின்ஸ் அருகில்’ என்று காட்டியது. காரைக்காலில் எந்தக் கடைக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு மதுக்கடை இருக்கும், அது அந்தச் செயலியைச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? ஆஸியா பீவி ஒரு மாதம் எல்லோருக்கும் மருந்துச்சீட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

சரி, மறைத்துவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. இருப்பிடத்தை அணைத்தால், ‘இன்னார் தன் இருப்பிடத்தை மறைத்திருக்கிறார்’ என்று எல்லோருக்கும் போய்விடும். அதைவிட ஒயின்ஸ் பக்கத்தில் நிற்பதே மேல்.

போன வருஷம் கோடைக்கு முன்னால் ஒருநாள் ஆபித்தின் புள்ளி கம்பெனிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அறையிலேயே கிடந்தது. கேட்டதற்கு, “கொஞ்சம் ஜலதோஷம், லீவு போட்டேன்” என்றார். பிறகு புள்ளி ஓட ஆரம்பித்தது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கும். அங்கிருந்து ஏதாவது ஒரு அடுக்குமாடிக்குப் போகும், உடனே திரும்பும். மறுபடி வேறொரு சாப்பாட்டுக் கடை. மணிக்கு நாற்பது, ஐம்பது என்று வேகம் ஏறும். நடுப்பகலில் எங்கேயாவது ஒரு பாலத்தடியில் கொஞ்சம் ஓய்ந்து நிற்கும். பிறகு ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறமும் ஓடும்.

சித்திக்காவும் இதையேதான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பூரித்துப் போனாள்.

“தம்பிக்குப் பெரிய பதவி குடுத்துட்டாங்க போலருக்கு புள்ள. கம்பெனி விஷயமா ஊரெல்லாம் சுத்துறான் பாரு. கார் குடுத்திருப்பாங்க.”

“அப்படித்தான் இருக்கும் லாத்தா” என்றாள் நஜீபா. அந்தப் பக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். புருஷன் கூப்பிடுகிறபடியே இவளும் கூப்பிட்டுப் பழகியிருந்தாள்.

நஜீபாவுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கடை, அடுக்குமாடி, சாப்பாட்டுக் கடை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? கம்பெனியில் வேலை போய்விட்டது. முட்டிவலிக்காரர், தலை நரைத்தவர், அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளில் ஊரார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். ராத்திரி போன் பேசும்போது கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது. “கம்பெனியில இன்னிக்கு ஸ்டாக் எடுக்குற வேல. செம அலுப்பு” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். மனிதர் இவ்வளவு சிரமப்பட்டு ஒரு பொய்யைக் கட்டி வைத்திருக்கிறார், அதை எப்படிப் பிடித்து இழுப்பது? “சரி மச்சான், தூங்குங்க” என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் போனைக் கீழே வைப்பதே இல்லை. வேகம் ஐம்பதைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். புள்ளி சாலை நடுவே நின்றுவிட்டால் மறுபடி நகரும்வரை மூச்சு விடமாட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் கூடத் தெரியாது. முன்னே எந்தப் புள்ளி அவளுக்குத் துணையாக இருந்ததோ அதே புள்ளி இப்போது ஆளை அரித்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் மங்கியது. வரைபடத்தில் தெருப் பெயர்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கலாம் என்றுதான் பாரதியார் வீதிப் பக்கம் ஜெயமேரியின் கடைக்குப் போனாள். ஜெயமேரி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். புருஷன் யேசுராஜ் கண் பரிசோதனை செய்வார், இவள் பிரேம் காட்டி வியாபாரத்தைப் பார்ப்பாள். நஜீபா தனக்கு எடுத்ததோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியம்மா எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் மூக்கில் நிற்கவில்லை என்று சலித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவளுக்கும் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். அந்தப் பெரியம்மா அதையே வாங்கிப் போனாள்.

“ஏண்டி, நீ இங்கயே வந்துடேன். கடையில இருந்த ரெண்டு பொண்ணுங்களும் கல்யாணமாயிப் போயிட்டாளுங்க, எனக்கு ஆளே இல்ல” என்றாள் ஜெயமேரி.

விளையாட்டாகச் சொன்னதுதான். நஜீபா மறுநாள் காலையில் போய் நின்றாள்.

அவள் கணக்கு நேரானது. இங்கே ஒரு சம்பளம் நிலைத்துவிட்டால், “வந்துடுங்க மச்சான், அங்கே இருந்தது போதும்” என்று தைரியமாகச் சொல்லலாம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அதற்கும் காரணம் இருந்தது. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளியின் பெண்சாதி வேலைக்குக் கிளம்பினால் ஊர் என்ன பேசும்? அவனுக்கு அங்கே வேலை போய்விட்டது என்று பேசும். ஊர் அப்படிப் பேசுவது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இது உண்மையாயிற்றே! அவர் மறைத்து வைத்ததை இவள் தெருவில் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும். அக்கா முன்னால் அவர் எப்படித் தலை நிமிர்வார்?

அதனால் நஜீபா ஒரு வேலை செய்தாள். தினமும் போனைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சார்ஜில் போட்டுவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். புள்ளி வீட்டிலேயே இருந்தது. சார்ஜ் எப்போதும் நூறு. பகலில் சித்திக்கா கூப்பிட்டால் எடுக்க ஆளிருக்காது. சாயங்காலம் திரும்பி வந்து, “தூங்கிட்டேன் லாத்தா” என்பாள்.

“பொம்பள இப்படியாம்மா தூங்குவா? ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாரு” என்று சித்திக்கா உண்மையாகவே கவலைப்பட்டாள்.

தெருவில் நாலு பேருக்குத் தெரியாமலா இருக்கும்? பக்கத்து வீட்டு நபீசாவுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் சித்திக்கா முன்னே மாதிரி வாசலில் நின்று பெண்களிடம் விசாரிக்கிற வழக்கத்தையே விட்டிருந்தாள். எல்லாம் போனில் தெரிகிறபோது யாரைக் கேட்பானேன்? கேட்காததால் யாரும் சொல்லவில்லை.

கடையில் நஜீபாவுக்கு வெளிர்நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். கழுத்தில் பெயர் அட்டை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மாரிக்கண்ணு என்றொரு மீன்கார அம்மாள் வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தவள், கண்ணாடியை மாட்டியதும் நஜீபாவின் முகத்தை உற்றுப் பார்த்து, “அட, நீ இவ்ளோ செவப்பா?” என்றாள். கடையே சிரித்தது. வேலை நேரத்தில் நஜீபா புள்ளியை மறந்திருந்தாள். அப்படி மறந்திருக்க முடிகிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைத் திறக்கும்போது குற்றவுணர்ச்சியாகவும் இருக்கும்.

சம்பளம் நிலைத்துவிட்டது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐப்பசியும் பிறந்துவிட்டது.

ஐப்பசி அடைமழையில் புயல் சின்னம் ஒன்று கிளம்பியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். காலையில் வெயில் அடித்ததால் நஜீபா வழக்கம்போலப் போனை விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். ஷார்ஜாவில் ஆபித் போனில் செய்தி பார்த்திருக்கிறார். காரைக்கால் என்ற பெயரைக் கேட்டதும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். ‘கூடவே’யைத் திறந்தார். பெண்சாதி வீட்டில்தான் இருக்கிறாள், சார்ஜும் நூறு இருக்கிறது. அப்புறம் ஏன் எடுக்கவில்லை? பகலெல்லாம் தூங்குகிறாள், ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன் என்று அக்கா போன வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. போதாதா?

சித்திக்காவுக்குப் போன் பறந்தது. அவள் கொட்ட ஆரம்பித்த மழையில் குடையை எடுக்காமலே ஓடி வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது. நஜீபா வீட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. நன்றாக, வெளிப்பக்கமாக, கண்ணுக்கு நேராகத் தொங்கியது.

“வெளிய போயிருப்பா லாத்தா. பூட்டியிருக்கே” என்று நபீசா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“பூட்டியிருந்தா? போன் உள்ளதான் இருக்காள்னு காட்டுது. இதப் பாரு, வீடுன்னு எழுதியிருக்கா இல்லையா? உள்ள வெச்சு யாராவது பூட்டிட்டுப் போயிருந்தா என்ன பண்ணுவே? யா அல்லாஹ்!”

எல்லோரும் போனை எட்டிப் பார்த்தார்கள். வீடு என்றுதான் எழுதியிருந்தது. கண்ணெதிரே தொங்குகிற பூட்டை அதற்குப் பிறகு ஒருவரும் மதிக்கவில்லை. எதிர்வீட்டுக் காதர் பாட்சா கடப்பாரை கொண்டு வந்தார். நபீசா தன் வீட்டுக்குள் போய்க் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள்.

பூட்டு உடைந்தது. சித்திக்கா ஒவ்வொரு அறையாக, “நஜீபா, நஜீபா” என்று அழுதுகொண்டே தேடினாள். குளியலறைக் கதவைத் தட்டினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் மேலே போன் மட்டும் நடுங்கி நடுங்கி மணியடித்தது. ஷார்ஜாவிலிருந்து ஆபித் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நஜீபா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவசரத்தில் புர்காவுக்கு மேலே போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தாள். அட்டை கழுத்தில் ஆடியது. அவளைப் பார்த்ததும் சித்திக்கா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன புள்ள கோலம் இது?”

அதற்குள் சித்திக்காவின் போனில் ஆபித் வீடியோவில் வந்துவிட்டார். நெடுஞ்சாலை ஓரம். பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். அவரும் அவசரத்தில் ஒன்றை மறந்திருந்தார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. தோளுக்குப் பின்னால் வண்டியில் பெரிய சாப்பாட்டுப் பெட்டி தெரிந்தது.

“உசுரோடதான் இருக்கா உன் பொண்டாட்டி” என்று போனைத் திருப்பிய சித்திக்கா திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். “தலையில என்னடா அது?”

ஆபித் கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பார்த்தார். 

“ஹெல்மெட்டு லாத்தா” என்றாள் நஜீபா. “கோடையிலேர்ந்து அதப் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“ஒனக்குத் தெரியுமா?” என்று ஷார்ஜாவிலிருந்து கேட்டார் ஆபித்.

“நாப்பது, அம்பதுன்னு வேகம் காட்டுச்சே மச்சான். ஸ்டோர் கீப்பர் உக்காருற நாற்காலி அவ்ளோ வேகமா ஓடுமா?”

சொல்லும்போது சிரிக்கத்தான் நினைத்தாள். அழுதுவிட்டாள். தெருவே கூடி நிற்கிறது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் அப்போதுதான் விட்டாள்.

“நீ எங்கே போயிருந்தே? கழுத்துல என்ன அட்டை?” என்றார் அவர்.

“ஜெயமேரியோட கண்ணாடிக் கடை. வேலை பாக்குறேன். நீங்க வந்துடலாம்னு சொல்றதுக்காகத்தான் பாக்குறேன். சொல்லத்தான் தெரியல.”

ஆபித் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கஸ்டமர் கூப்பிடுறான், சாப்பாடு ஆறிப்போயிருக்கும். குடுத்துட்டுப் பேசுறேன்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. நஜீபாவுக்கு அதுவே நிறைவாக இருந்தது.

சித்திக்காவுக்குத்தான் நிறைவாக இல்லை. பெரிய பதவி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே! தம்பி தன்னிடம் மறைத்தான், அவன் பெண்சாதியும் மறைத்தாள், தெருவே தெரிந்துகொண்டு மறைத்தது. “எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாம வெச்சிட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், நஜீபா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். தம்பி கூப்பிட்டால், “நல்லா இருக்கியா, சரி” என்பதோடு வைத்துவிடுவாள்.

பேச்சு நின்றதே தவிர ‘கூடவே’யை அவள் அணைக்கவில்லை. அணைத்தால் எல்லோருக்கும் செய்தி போய்விடுமே, அந்தப் பயமாக இருக்கலாம். நஜீபா இப்போது போனைக் கையிலேயே கொண்டுபோனாள். கடைக்கும் பெயர் வைத்துவிட்டாள். தினமும் காலையில் ‘நஜீபா கடைக்கு வந்து சேர்ந்தாச்சு’ என்று ஷார்ஜாவுக்குப் போகும். பாலத்தடியில் நிற்கிறவர் பதிலுக்குக் கையாட்டுவார். ஒருநாள் மத்தியானம் சித்திக்காவின் புள்ளி பாரதியார் வீதிக்கு வந்தது. கடைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றது. நஜீபா ஒரு கிழவருக்கு பிரேம் மாட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் புள்ளி வீடு திரும்பிவிட்டது. பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

தை பிறந்ததும் ஆபித் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் போனை அணைத்ததும் ஷார்ஜா புள்ளி மறைந்தது. விடிந்து நெடுநேரம் கழித்துத் திருச்சியில் முளைத்தது. அன்றைக்குக் கடைக்கு வரவேண்டாம் என்று ஜெயமேரி சொல்லியிருந்தாள். “எங்க மச்சான் மொதல்ல லாத்தா வீட்டுக்குத்தான் போவாங்க. அங்க பால் குடிச்சு, பேசி, சமாதானமாயி வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். நான் வீட்ல உக்காந்து என்ன பண்ண?” என்று நஜீபா வந்துவிட்டாள். வேலை எங்கே ஓடியது? கும்பகோணம், பேரளம், அம்பகரத்தூர் என்று புள்ளி வந்துகொண்டே இருந்தது. திருநள்ளாற்றில் கூட்டத்தில் ஊர்ந்தது. ஊருக்குள் நுழைந்தது.

அக்கா வீட்டுத் தெரு முனை வந்தது. புள்ளி திரும்பவில்லை. நேராக வந்தது.

“ஐயையோ” என்றாள் நஜீபா.

கார் கடை வாசலில் நின்றது. ஆபித் இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஊருக்குப் புதிதாக வந்த ஆள் மாதிரி தயங்கி உள்ளே வந்தார். இளைத்திருந்தார். வெயில் அவரைக் கறுக்க வைத்திருந்தது.

“கிட்டப் பாக்குற எழுத்து தெரிய மாட்டேங்குதுங்க. கண்ணாடி போடணும்” என்றார்.

“உக்காருங்க” என்றாள் நஜீபா.  ஜெயமேரி யேசுராஜை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

“லாத்தா வீட்டுக்குப் போகாம இங்க வந்தீங்களே! அவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க. இன்னும் பேச்சே இல்ல, தெரியுமில்ல?”

“தெரியும். நீ வேலை செய்யற எடத்த மொதல்ல பாக்கணும்னு இருந்துச்சு. என்ன செய்ய?”

நஜீபாவின் போனில் மணியடித்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். சித்திக்காவின் புள்ளி வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. மணிக்கு இருபத்தைந்து என்று காட்டியது. ஆட்டோவாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு கோபத்தில் அவள் ஆட்டோ பிடித்து வந்து யாரும் பார்த்ததில்லை. ஆபித் எழுந்து நின்றுவிட்டார். நஜீபா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பயந்த பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நின்றார்கள்.

சித்திக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கைகளிலும் துணி சுற்றிப் பிடித்த டம்ளர். மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. வழியெல்லாம் பால் தளும்பிப் புர்காவின் கை நனைந்திருந்தது.

“போன் எனக்கும் இருக்குடா. நீ தெருவத் தாண்டிப் போறது எனக்குத் தெரியாதா? பால் ஆறிப்போயிடும்னுதான் ஆட்டோ புடிச்சேன். குடி. குடிச்சுட்டு அப்புறம் உன் பொண்டாட்டிகிட்ட பேசு.”

ஆபித் நின்றபடியே குடித்தார். கடைசிச் சொட்டுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, கடையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பிரேம்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எனக்கும் ஒண்ணு குடு புள்ள. புள்ளி நகர்றது தெரியுது, எங்க நிக்குதுன்னு எழுத்துதான் தெரியல. ஆட்டோக்காரன்கிட்ட காட்டிக் கேட்டுத்தான் வந்தேன்.”

நஜீபா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பிரேமை எடுத்து மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்தாள்.

“அடுத்த தடவ வரும்போதாவது மொதல்ல என் வீட்டுக்கு வரச் சொல்லு இவன” என்றாள் சித்திக்கா.

“அடுத்த தடவன்னு ஒண்ணு கெடையாது லாத்தா.”

 கண்ணாடிக்குள் சித்திக்காவின் கண் நிறைந்து வழிந்தது. நஜீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டினாள், சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினாள்.

“அழாதீங்க லாத்தா, எழுத்து தெரியாது. மேல் வரியப் படிங்க பாப்போம்.”